சமதரையில் நின்ற வண்டி

புத்தூர் என்றதும் தமிழ்நாட்டில் எவருக்கும் நினைவுக்கு வருவது எலும்பு முறிவுக்குப் போடும் கட்டுத்தான். சென்னையில் 'புத்தூர் கட்டு' என்று பலகை தொங்காத பேட்டை இல்லை என்றே சொல்லலாம். அந்தப் பலகைகளுக்கெல்லாம் தாய் ஊர் எங்கள் ஊர். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் திருத்தணியையும் நகரியையும் கடந்தால் வருவது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததே தவிர எங்கள் நாவில் விழவில்லை. விலை கேட்பது ஒரு மொழியில், பேரம் பேசுவது மறு மொழியில் என்று கடைத்தெரு இன்றும் நடந்து வருகிறது.

கட்டுப் போடும் வைத்தியர் எடுத்த எடுப்பில் கட்டுவதில்லை. எப்படி விழுந்தாய், எங்கே வலிக்கிறது, எப்படி அசைத்தால் வலிக்கிறது என்று கேட்பார். விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பின்னரே மூங்கில் பத்தையும் துணியும் முட்டையின் வெள்ளைக்கருவும் வெளியே வரும். இப்போது எக்ஸ்ரே படத்தோடு வருகிறவர்களும் பலர். கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்புக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் உண்மை. தோலைக் கிழித்து எலும்பு வெளிவந்த முறிவுக்கு மருத்துவமனையே இடம். அந்த விவாதத்துக்குள் நான் புகவில்லை. கேள்வி முந்தி, கட்டு பிந்தி என்ற ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் நான் எழுத வந்தது எலும்பைப் பற்றி அன்று. எங்கள் வீட்டு மோட்டார் வண்டியைப் பற்றி.

எங்களுடையது 1976-ஆம் ஆண்டு அம்பாசடர், பெட்ரோல் வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அமைப்பைக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் அம்பாசடரைச் செய்யத் தொடங்கினார்கள். 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே வேலை நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் மந்திரிகளையும் மணமக்களையும் நோயாளிகளையும் பேதமின்றிச் சுமந்த வண்டி அது. எங்கள் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முன் இரண்டு கைகள் மாறி வந்த வண்டியை, நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியிருந்தார்.

ஆடம்பரத்துக்காக வாங்கிய வண்டி அன்று. எங்கள் தெருவில் நள்ளிரவில் யாருக்கு வயிற்றுவலி கண்டாலும், எந்தப் பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தாலும், முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவு. "வாத்தியாரே!" என்று குரல் கேட்டதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சாவியைத் தேடுவார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். ஓய்வு பெற்ற ஒருவருக்கு ஊரில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அந்தக் குரல்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வண்டி சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நிற்கத் தொடங்கியது.

திருப்பதிச் சாலையில் வடமாலைப்பேட்டைக்கு அருகே, நல்ல சமதரையில் போய்க்கொண்டிருக்கும்போது, யாரோ கை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் எஞ்சின் நின்றது. இருமல் இல்லை, முனகல் இல்லை. அப்பா கிளட்சை மிதித்து, வண்டியை உருட்டிக்கொண்டே போய் இடது ஓரத்தில் நிறுத்தினார். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் எஞ்சின் பாடியது. மறுவாரமும் அப்படியே. மூன்றாம் முறை நின்றபோது பின்னிருக்கையில் ஆயா இருந்தார். கண்ணில் அறுவை செய்துகொண்டு, கட்டோடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்தி மயங்கும் நேரம். பின்னால் வந்த லாரி ஊதல் முழங்க ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிப் போயிற்று. அன்றிரவு அம்மா அதிகம் பேசவில்லை. "இனி அந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது" என்று ஒரே வாக்கியம் சொன்னார். மறுநாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்பக்கத்தில் கட்டியவரும் அவர்தான்!

எலுமிச்சம்பழத்தால் ஆகாததைப் பட்டறைகள் செய்யப் பார்த்தன. முதல் பட்டறை பாட்டரியை மாற்றியது. இரண்டாம் பட்டறை, "காயில் சூடாகி நிற்கிறது" என்று காயிலை மாற்றியது. மூன்றாம் பட்டறை நான்கு பிளக்குகளையும் அவற்றின் ஒயர்களையும் மாற்றியது. ஒவ்வொரு முறையும் வண்டி நான்கு நாள் நன்றாக ஓடும். ஐந்தாம் நாள் நிற்கும். மூன்று மாதத்தில் 11,000 ரூபாய் கரைந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து விலையும் சொல்லிவிட்டார். கோடை விடுமுறைக்கு நான் வீடு சென்றபோது, வரும் வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவில் தெருவில் எந்தக் குரல் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்தார். குரல் எங்கள் வாசலைத் தாண்டி ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போய்விடும்.

நிற்க. வண்டி ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், அது ஏன் ஓடுகிறது என்பதை அறியவேண்டும் அன்றோ? பௌதிகம் படிக்காத நண்பர்களுக்காகச் சிறிது சொல்கிறேன், படித்தவர்கள் பொறுத்தருள்க.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைக் கொளுத்த ஒரு பொறி வேண்டும். பாட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். பிளக்கின் முனையில் அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. இதற்கு வழி காட்டியவர் மைக்கேல் பாரடே. ஒரு கம்பிச் சுருளைச் சூழ்ந்த காந்தப் புலம் மாறினால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் கண்டார். காயில் என்பது அதுவே. சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பி ஒன்று. பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பி மற்றொன்று. தடித்த சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால் காந்தப் புலம் சரியும். மெல்லிய சுருளில் பேரழுத்த மின்சாரம் எழும். அப்படி அறுக்கும் சிறு கதவைத்தான் நம் மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்றும் 'பாயிண்ட்' என்றும் சொல்லுகிறார்கள். அது மூடும்போது மின்சாரம் ஓடும். திறக்கும்போது பொறி பிறக்கும். பக்கத்தில் இருக்கும் கண்டென்சர், அந்தப் பொறி பாயிண்டிலேயே வீணாகாமல் காக்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தி 1910-இல் காடிலாக் வண்டிகளில் பொருத்தினார். அதன்பின் அறுபது எழுபது ஆண்டுகள் உலகத்துப் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவை அதே முறையில் ஓடின.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், பாயிண்ட் நிமிடத்துக்கு 6,000 முறை திறந்து மூட வேண்டும். நொடிக்கு நூறு முறை! ஒரே ஒரு நொடி இந்தச் சங்கிலி அறுந்தால் வண்டி செத்தது. சங்கிலியின் கண்ணிகளோ பல: பாட்டரி, அதன் முனைகள், எர்த் கம்பி, சாவி ஸ்விட்ச், ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட், பிளக். எந்தக் கண்ணி என்று எப்படிக் காண்பது? ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது ஒரு வழி. அந்த வழியில் பணம் முதலில் தீர்ந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்துக்கு அருகே பாட்டரிக் கடை ஒன்று உண்டு. இப்போது மகன்கள் நடத்துகிறார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் மின்சார வேலை பார்த்தவர். கண் மங்கிவிட்டது, கை மங்கவில்லை. நான் போய் நின்று, "தாத்தா, வண்டி ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை" என்றேன்.

"பாப்பா, ஏன் நிக்குதுன்னு என்னைக் கேக்காதே. எப்போ நிக்குதுன்னு நீ சொல்லு. எப்போ நிக்கலைன்னும் சொல்லு" என்றார்.

இந்தக் கேள்வியை மூன்று பட்டறைகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு ஓடிவந்து, அப்பாவை உட்காரவைத்து, நின்ற இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ஆசிரியர் அல்லவா? தேதியோடு நினைவு வைத்திருந்தார். ஏழு முறை நின்றிருக்கிறது. ஏழும் ஊருக்கு வெளியே. ஏழும் சமதரையில், நான்காம் கியரில், நிதானமாகப் போகும்போது. ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தபோது ஒரு முறையும் நின்றதில்லை. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்து ஏறியபோதும் நின்றதில்லை. மலை ஏறுகிற வண்டி சமதரையில் நிற்கிறது!

மாலையில் அப்பாவும் நானும் நோட்டோடு தாத்தாவிடம் போனோம். நான் படிக்கப் படிக்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நின்ன உடனே சாவியைத் திருப்பிப் பாத்தீங்களா?"

"இல்லை. காயில் சூடு ஆறட்டும் என்று பத்து நிமிஷம் விடச் சொன்னார்கள். விட்டேன்."

"பத்து நிமிஷம் விட்டா எடுக்குது. ஒரு நிமிஷத்திலும் எடுக்குமான்னு யாருக்கும் தெரியாது. சூடுன்னு எப்படிச் சொன்னாங்க?"

கடைக்குள் வேலை செய்துகொண்டிருந்த மகன்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். சூட்டினால் கெடும் காயில் மேடு ஏறும்போதல்லவா முதலில் கெடவேண்டும்? பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்தாலும் நெரிசலிலும் மேட்டிலும்தான் தொல்லை மிகும். அதுவும் இருமி, திணறி, தள்ளாடித்தான் நிற்கும். பொறி அறுந்தால்தான் இப்படி ஒரே வெட்டில் நிற்கும். ஆகவே குற்றம் மின்சாரத்தில். அதுவும் சூட்டைச் சேராத மின்சாரத்தில். இவ்வளவும் ஒரு ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அடுத்தது சோதனை. ஓடும்போது வரும் நோயை, நிறுத்திவைத்துப் பார்த்தால் காணமுடியாது. தாத்தா 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சேர்த்துக் கொடுத்தார். அதன் ஒரு முனையைக் காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வந்து சேரும் டெர்மினலிலும், மறு முனையை எர்த்திலும் இணைத்தோம். பல்பு எரிகிற வரையில் பாட்டரியும் சாவியும் அந்த ஒயரும் நலம் என்று பொருள். காயிலின் மறு டெர்மினலுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்துக்கு, முள் நகரும் பழைய வோல்ட்மீட்டரைச் சேர்த்தோம். அங்கே பல்பைச் சேர்த்தால் பொறியின் வலிமையைப் பல்பே குடித்துவிடும். எண் காட்டும் மீட்டரோ ஒரு கணத்தில் வந்து போவதைக் காட்டாமல் விட்டுவிடும், முள் காட்டிவிடும். நீண்ட ஒயர்களை விசிறியில் சிக்காதபடி கட்டி ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவந்தோம்.

மறுநாள் விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், நாராயணவனம் போகும் சாலையில் அப்பா வண்டியை ஓட்டினார். நான் மடியில் மீட்டரும் கையில் பல்புமாக உட்கார்ந்திருந்தேன். முள் நடுவழியில் நடுங்கிக்கொண்டிருந்தது. பாயிண்ட் திறந்து மூடும் வேகத்தில் பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே அது நடுங்கத்தானே வேண்டும்? நிதானமான ஓட்டத்தில் நாலைந்து மைல் போயிருப்போம். வண்டி ஓர் உதறு உதறிற்று. முள் பன்னிரண்டுக்குத் தாவி அங்கேயே நின்றது. பல்போ கண்ணிமைக்கவில்லை.

"கிளட்சை மிதிக்காதீர்கள் அப்பா! ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுங்கள்!" என்று கத்தினேன். எடுத்தார். முள் மீண்டும் நடுங்கியது. எஞ்சின் தானாகவே உயிர் பெற்றது. பத்து நிமிடம் தேவைப்படவில்லை. இரண்டு நொடியும் தேவைப்படவில்லை.

அந்த ஒரு கணம் எத்தனை பேரை விடுதலை செய்தது, பாருங்கள். பல்பு எரிந்ததால் பாட்டரி குற்றமற்றது, சாவி குற்றமற்றது. காயிலின் மறுபுறத்தில் 12 வோல்ட் வந்து நின்றதால் காயிலின் தடித்த சுருள் அறுபடவில்லை. மூடவேண்டிய பாயிண்ட் வழியே மின்சாரம் எர்த்துக்கு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் முள் நடுங்கியிருக்கும். ஆகவே முறிவு காயிலைத் தாண்டி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில். பிளக்குகள் இதில் சம்பந்தப்படவே இல்லை. மூன்று மாதமாக மாற்றப்பட்டவையெல்லாம் நிரபராதிகள்!

எந்த இடம்? தாத்தாவை வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே பாயிண்ட் ஒரு தட்டின்மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தட்டு ஓரளவு நகரக்கூடியது. கார்பரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய், காற்றை உறிஞ்சும் விசையால் அதை இழுக்கும். வண்டி சமதரையில் இலேசாக ஓடும்போது உறிஞ்சும் விசை மிகுதி, தட்டு நன்றாக நகர்ந்து பொறியைச் சற்று முன்னதாகத் தரும், பெட்ரோல் மிச்சமாகும். ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து மேடு ஏறும்போது விசை குறையும்; தட்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். காலை எடுத்தாலும் அப்படியே. நோட்டில் நான் எழுதிய ஏழு வரிகளும் என் கண்முன் வந்து நின்றன.

தாத்தா ஹாண்டிலைச் சிறிது சுற்றி, பாயிண்ட் மூடியிருக்கும் பகுதியின் நடுவில் எஞ்சினை நிறுத்தினார். தட்டு நகர்ந்தாலும் பாயிண்ட் திறந்துவிடக்கூடாது என்பதற்காக. காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலில் பல்பைச் சேர்த்துச் சாவியைப் போடச் சொன்னார். பாயிண்ட் மூடியிருப்பதால் மின்சாரம் அதன் வழியே இறங்கிற்று, பல்பு இருட்டு. இனி நடந்ததுதான் எனக்கு மறக்காதது. அவர் குனிந்து, அந்த மெல்லிய குழாயைக் கார்பரேட்டரிலிருந்து பிடுங்கி, வாயில் வைத்து, இளநீர் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது. பாயிண்ட் மூடியே இருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. வாயை எடுத்தார், பல்பு அணைந்தது. மறுபடி உறிஞ்சினார்; எரிந்தது.

"இங்கே தொட்டுப் பாரு பாப்பா" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைப் பாயிண்டுக்குக் கொண்டுபோகும் சின்னஞ்சிறு ஒயர். இரண்டங்குல நீளம்கூட இராது. மேலுறை சிறிதும் கிழியவில்லை. கண்ணுக்குப் புதிதுபோல் இருந்தது. ஆனால் இலேசாக இழுத்தால் ஓரிடத்தில் மட்டும் ரப்பர்போல் நீண்டது. உள்ளே செம்பு இழைகள் முறிந்து, முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தன. தட்டு நகரும்போது முனைகள் பிரியும், திரும்பும்போது கூடும். தோல் கிழியாத எலும்பு முறிவு! எங்கள் ஊரில் விரலால் தடவிக் காணும் முறிவு எதுவோ அதுவே இது.

இதில் யாரையும் நோவதற்கு இல்லை. தட்டு நகரும்தோறும் வளைந்து நிமிர்ந்த ஒயர் அது. எத்தனை இலட்சம் முறை வளைந்ததோ! உலோகத்துக்கும் களைப்பு உண்டு. தாத்தா புதிய ஒயர் போட்டார். ஆனால் கையில் கிடைத்த ஒயரைப் போடவில்லை. "விறைப்பா இருக்கிறதைப் போட்டா ஒரு மாசத்திலே இதே கதை" என்று, மயிரிழைபோல் பல இழைகள் கொண்ட மெத்தென்ற ஒயராகத் தேடி எடுத்து, சிறிது தொய்வு விட்டுப் பற்றவைத்தார். பாயிண்டின் இடைவெளியை 15 'தௌ'வுக்கு, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்குச் சரிசெய்தார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்பா அதிகம் நீட்டியபோது, "கூலிக்கு மேலே வாங்கினா வேலை தங்காது வாத்தியாரே" என்றார்.

நண்பர்களே, பட்டறைக்காரர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் நிலையிலும் நின்று பார்க்கவேண்டும். மாற்றிய பொருளுக்கு நாம் பணம் கொடுக்கிறோம். கேட்ட கேள்விக்குக் கொடுப்பதில்லை. 'இரண்டு மணி நேரம் யோசித்தேன், நூறு ரூபாய்' என்று யாரேனும் சீட்டு எழுதிக் கொடுத்தால் சண்டைக்குப் போவோம்; 'காயில், மூவாயிரம்' என்று எழுதினால் எண்ணிக் கொடுப்போம். சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும் என்றும் சொல்லுவோம். யோசனைக்கு இடமே வைக்காமல் யோசனை இல்லை என்று குறைப்படுவது எந்த நியாயம்?

பழைய வண்டியின் கதை நமக்கெதற்கு, இப்போது பாயிண்ட் ஏது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், இன்றைய வண்டிகளில் பாயிண்டுக்குப் பதில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. கோளாற்றைக் குறியெண்ணாகச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஆனால் குறியெண் சொல்வது எந்த இடத்திலிருந்து முறையீடு வருகிறது என்பதை. முறையீட்டின் காரணத்தை அன்று. எஞ்சினின் சுழற்சியை அறியும் சென்சார் ஒன்று உண்டு. சூடேறியபின் அது ஓய்ந்து, ஆறியபின் பிழைக்கும் வண்டிகள் பல. அங்கே சூடுதான் காரணம். எங்கள் வண்டியில் சூடு காரணம் அன்று. நோய்க்குறி ஒன்றுபோல் தோன்றினும் நோய் வேறு. ஒயரின் உறைக்குள் செம்பு முறிவதும், எர்த் கம்பியின் அடியில் துரு பிடிப்பதும் எந்தக் காலத்து வண்டிக்கும் உள்ளவை.

ஆகவே, வீட்டில் பழைய காரோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில சொற்கள். வண்டி நின்றால் முதலில் ஓரத்துக்குத் தள்ளுங்கள். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி அடையாளம் வையுங்கள். ஆட்களை இறக்கிச் சாலையைவிட்டு அப்பால் நிறுத்துங்கள். இருமி நின்றதா, வெட்டி நின்றதா என்பதை மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் பாருங்கள். புதுப் பாட்டரி வாங்குமுன் பழைய முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்குவது நலம். எஞ்சின் நின்றிருக்கும்போது முழுதும் ஊட்டம் பெற்ற பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஊட்டும் பகுதியில் குறை. ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைக் கையால் தொடாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் விளையாட்டுப் பொருள் அன்று. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் பொறி சோதிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி நோய் தீர்ந்தால் எது தீர்த்தது என்று ஒருநாளும் தெரியாது.

நாம் சோதனைச்சாலையில் ஓம் விதியையும் பாரடேயையும் நோட்டில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். பல்பு ஒன்றும் ஒயர் இரண்டும் கொண்டு அவற்றை நடத்திக் காட்டுகிறவர்கள் பஸ் நிலையத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பின் அந்தக் கை ஓய்ந்துவிடும். விடுமுறையில் ஒருநாள் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பாடப்புத்தகம் கூறாத கேள்வி ஒன்று கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை வந்த பழைய இரும்புக்காரருக்கு அப்பா மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அம்மா ஒரு மாதம் வரை வண்டியில் ஏறவில்லை. பிறகு ஆயாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போக முன்னிருக்கையில் தாமே ஏறி அமர்ந்தார். நான் விடுதிக்குத் திரும்பிய பிறகு, ஆவணியில் ஓர் இரவு, எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டதாம். தெருவில் குரல் கேட்டிருக்கிறது. குரல் எங்கள் வாசலைத் தாண்டிப் போகவில்லை. குழந்தை நலமாக இருக்கிறது என்றும், போகும் வழியெல்லாம் வண்டி ஓர் உதறுகூட உதறவில்லை என்றும் அப்பா தொலைபேசியில் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.